பெட்டியின் மேல் சிப்பின் பெயரை அச்சிடுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் புராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இவை இல்லாத லேப்டாப்கள் நம் வீடுகளில் ஏராளம். திரை நன்றாக இருக்கும், கீபோர்டில் குறை இருக்காது, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். அதைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். விருத்தாசலத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் எனக்கு இந்த மாற்றம் தினமும் தெரிகிறது. "ஃபார்மட் போட்டுக் குடுங்க" என்று மட்டும் கேட்டவர்கள், இப்போது "இதுல லினக்ஸ் ஓடுமா அக்கா?" என்று கேட்கிறார்கள்.

ஓஎஸ் போடுவது இன்று பெரிய வேலை இல்லை. லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. வைஃபை காட்டாது. அல்லது பிரிண்டர் அசையாது. அல்லது வீடியோ அழைப்பில் நாம் பேசுவது எதிர்முனையில் கேட்காது. மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் அந்த ஒன்று போதும், ஆள் மனம் விட்டுவிடுகிறார். "எனக்கு லினக்ஸ் சரிப்பட்டு வரல" என்று சொல்லிப் பழைய விண்டோஸுக்கே திரும்புகிறார்.

அப்படித் திரும்பும் ஒவ்வொருவரும் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், அல்லது லினக்ஸின் மேல் போடுகிறார். இரண்டுமே நியாயமில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள் என்ன சிப் இருக்கிறது, அதற்கு டிரைவர் எங்கே கிடைக்கும் என்ற சாதாரணத் தகவலை வாங்கியவருக்குச் சொல்லாமல் விற்பவர்கள்தான் இதற்குப் பொறுப்பு. அவர்களைச் சொல்லவைக்கும் அதிகாரம் இருந்தும் அதைப் பயன்படுத்தாத அரசுக்கும் இதில் பங்கு உண்டு.

டிரைவர் எங்கே இருக்கிறது?

வைஃபை கார்டு, கிராபிக்ஸ் கார்டு, சவுண்டு, வெப்கேமரா என ஒவ்வொன்றிலும் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பை எப்படி எழுப்புவது, எந்த வரிசையில் கட்டளை அனுப்புவது என்று ஓஎஸ்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவுதான் டிரைவர். விண்டோஸில் டிரைவரை எழுதித் தருவது பெரும்பாலும் கருவியைச் செய்த நிறுவனம். ஒரு காலத்தில் சிடியில் வந்தது, இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானே இறங்குகிறது.

லினக்ஸில் ஏற்பாடு வேறு. டிரைவர்களில் பெரும்பாலானவை, ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. 1991இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கர்னல், இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அதனால்தான் பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டால், எந்தச் சிடியும் தேடாமல் டச்பேடு, யூஎஸ்பி, திரை, ஒலி எல்லாம் தாமாகவே வேலை செய்கின்றன. புதிதாக வருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வேலை செய்யும் நூறு பாகங்களுக்கான டிரைவரை யாரோ எழுதி, பொதுவில் வைத்து, வருஷக்கணக்கில் பராமரிக்கிறார்கள் என்பது கண்ணில் படுவதில்லை.

கர்னலின் உள்ளமைப்பு ஒவ்வொரு பதிப்பிலும் மாறிக்கொண்டே இருக்கும். மாற்றுபவரே, கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. ஆகவே உள்ளே இருக்கும் டிரைவர் பிழைக்கும். நிறுவனம் தன் இணையதளத்தில் தனியாக வைத்திருக்கும் டிரைவரை யாரும் திருத்துவதில்லை. இன்று வேலை செய்யும், அடுத்த கர்னல் அப்டேட்டில் நின்றுவிடும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, அப்டேட் குடுத்தேன், வைஃபை போயிடுச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, டிரைவர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

ஃபர்ம்வேர் என்று இன்னொன்றும் உண்டு. பல சிப்புகள், கணினி எழும்போது தங்களுக்குள் ஒரு சிறிய மென்பொருளை ஏற்றிக்கொண்டால்தான் இயங்கும். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் கார்டு ஊமையாகக் கிடக்கும். உபுண்டு போன்ற இன்னொரு லினக்ஸான டெபியன் பல வருஷங்களாக இந்தக் கோப்புகளைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் தட்டில் சேர்க்கவில்லை. மூலநிரல் இல்லாத எதையும் தரக்கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. வைஃபை இல்லாமல் தவித்த புதியவர்களின் நிலையைப் பார்த்து, 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் தட்டிலேயே வருகிறது. கொள்கையில் அவ்வளவு உறுதியானவர்களே பயனருக்காக இறங்கி வந்தார்கள். சிப் செய்பவர்கள் இறங்கி வர மறுப்பது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஒரே பெட்டி, வேறு சிப்

கல்லூரி மாணவி ஒருத்தி, உள்ளே இருந்த வைஃபை கார்டு பழுதான லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். மின்ட் போட்டிருந்தாள். உறவினர் ஒருவர் மூலம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி டாங்கிள் வாங்கியிருந்தாள். செருகினால் விளக்கு எரிகிறது, வைஃபை மட்டும் வரவில்லை. "அக்கா, என் ஃப்ரெண்டு இதே டாங்கிள்தான் வச்சிருக்கா, அவளும் மின்ட்தான். அவளுக்கு வருது, எனக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள். அவள் தோழியையும் டாங்கிளோடு வரச் சொன்னேன்.

டெர்மினலைத் திறந்து "எல்எஸ்யூஎஸ்பி" என்று அடித்தால், யூஎஸ்பியில் செருகியிருக்கும் ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணும் வரும். நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம். முதல் பாதி தயாரிப்பாளரையும் இரண்டாம் பாதி கருவியையும் குறிக்கும். மாணவியின் டாங்கிள் வைஃபை கருவியாகத் தன்னைக் காட்டவே இல்லை. சிடி டிரைவாகக் காட்டியது. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, செருகியவுடன் சிடி போலத் திறந்து, நிறுவி முடித்த பிறகு வைஃபையாக மாறும்படி செய்திருக்கிறார்கள். விண்டோஸ் பயனருக்கு இது வசதி. லினக்ஸில் "யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்" என்ற சிறு கருவி அதை மாற்றிவிடும். மாற்றியதும் உண்மையான எண் தெரிந்தது.

தோழியின் டாங்கிளில் வந்த எண் வேறு. பெட்டி ஒன்று, படம் ஒன்று, மாடல் பெயர் ஒன்று, விலையும் ஒன்று. உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு நிறுவனத்தினுடையது. பொடி எழுத்தில் "வி2" என்று ஓர் ஓரத்தில் அச்சாகியிருந்தது, அவ்வளவுதான். தோழியின் சிப்புக்குக் கர்னலில் டிரைவர் நெடுநாளாக இருக்கிறது. மாணவியின் சிப்புக்கான டிரைவர் கர்னலுக்குள் வந்துவிட்டது, ஆனால் அவளுடைய மின்ட்டில் இருந்த கர்னலுக்குப் பிந்தைய பதிப்பில்.

அவளுடைய செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டோம். போன் டெதரிங்குக்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. வைஃபை இல்லாத லினக்ஸில் இணையத்துக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மின்ட்டின் அப்டேட் மேனேஜரிலேயே கர்னல்களின் பட்டியல் இருக்கிறது. அதில் புதியதைத் தேர்ந்து, ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்தது. யாரோ எழுதிய நீளமான கட்டளைகளைப் பார்த்து அடிக்கவில்லை, எந்த டிரைவரையும் தனியாகத் தொகுக்கவில்லை.

அந்த மாணவி கெட்டிக்காரி. ஒரு தடவை காட்டியதும் புரிந்துகொண்டாள். அவளிடம் இல்லாமல் போனது ஒரே தகவல், உள்ளே என்ன சிப் என்பது. அது பெட்டியின் மேல் இருந்திருந்தால், வாங்கும் முன்பே போனில் தேடிப் பார்த்திருப்பாள். பெயரை மாற்றாமல் சிப்பை மட்டும் மாற்றி விற்ற நிறுவனத்துக்கு அது சிறிய விஷயம். படிக்கும் பிள்ளைக்கு அது வீணாகப் போன நாட்கள்.

கிராபிக்ஸ், பிரிண்டர், ஸ்கேனர்

புதியவர்களை அதிகம் தடுமாறவைக்கும் இன்னொரு கருவி என்விடியா கிராபிக்ஸ் கார்டு. அந்த நிறுவனம் நெடுங்காலம் சிப்பின் விவரங்களை லினக்ஸ் உருவாக்குநர்களுக்குத் தரவில்லை. தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே "நூவோ" என்ற டிரைவரை எழுதினார்கள். 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாங்கள் கையாண்டவற்றிலேயே மிக மோசமான நிறுவனம் இதுதான் என்று மேடையிலேயே சாடினார். 2022 மே மாதம்தான் அந்நிறுவனம் தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அதுவும் 2018இல் வந்த டியூரிங் வகைக் கார்டுகளிலிருந்துதான். அதற்கு முந்தைய கார்டு வைத்திருப்பவர், தன் கார்டுக்குப் பொருந்தும் பழைய டிரைவர் வரிசையைத் தேட வேண்டும்.

மின்ட்டில் "டிரைவர் மேனேஜர்", உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" என்ற பகுதிகள் இருக்கின்றன. பொருத்தமான வரிசையை அவையே பரிந்துரைக்கும். நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கிப் போடுவதைவிட இது பாதுகாப்பானது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் கணினியில் இந்த டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை எழும்போது நீலத்திரை ஒன்று வரும். அதில் "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் இதை ஏதோ கோளாறு என்று பயந்து "கன்டினியூ" அழுத்திவிடுகிறார்கள். டிரைவர் போட்டும் போடாத கதையாகிறது. புதியவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பிரிண்டர் விஷயத்தில் நிலைமை மிகவும் முன்னேறியிருக்கிறது. ஏர்பிரிண்ட், ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது முறைகளைப் பின்பற்றும் பிரிண்டருக்குத் தனி டிரைவரே வேண்டாம். அதே வைஃபையில் இணைத்தால் லினக்ஸ் தானாகவே கண்டுகொள்ளும். ஹெச்பி நிறுவனம் தன் பிரிண்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருளைத் திறந்த மூலநிரலாகவே தருகிறது. சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மூடிய துண்டு தேவைப்படும். ஆனால் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் இருக்கும் மலிவான சிறிய லேசர் பிரிண்டர்களில் பல, தமக்கென்று ரகசிய மொழி ஒன்றை வைத்திருக்கின்றன. பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியே செய்து, அந்த ரகசிய மொழியில் அனுப்ப வேண்டும். அந்த மொழி வெளியே தெரியாதவரை, லினக்ஸில் அவை நாற்பது தடவை மக்கர் செய்து ஒரு தடவை ஓடும். அந்தக் கடைக்காரர்கள் லினக்ஸுக்கு வர முடியாமல் நிற்பது அந்த ஒற்றைப் பிரிண்டரால்தான்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் என் கடையில் உண்டு. பத்திர எழுத்தர் ஒருவரின் பழைய ஸ்கேனருக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் இல்லை. நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது. கண்ணாடியும் விளக்கும் மோட்டாரும் புத்தம் புதிதாக இருக்க, ஸ்கேனர் குப்பைக்குப் போக வேண்டிய நிலை. லினக்ஸில் "சேன்" என்ற ஸ்கேனர் மென்பொருள் 1990களிலிருந்து வளர்ந்துவருகிறது. அதில் அந்த மாடல் இருந்தது. செருகியவுடன் ஸ்கேன் ஆனது. டிரைவரின் மூலநிரல் பொதுவில் இருந்தால் நிறுவனம் கைவிட்டாலும் கருவி வாழும். மூடியிருந்தால், நிறுவனம் நினைக்கும் நாளில் கருவி செத்துவிடும். டிரைவரை நான் உரிமைப் பிரச்சினையாகப் பார்ப்பது இதனால்தான்.

பிரிண்டரில் பிறந்த இயக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கமே ஒரு பிரிண்டர் மென்பொருள்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கு முந்தைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் பயனர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதிய பிரிண்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். வெளியிட மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தன் எதிரே நிற்கும் கருவியின் குறையைத் தானே சரிசெய்ய முடியாமல் போன அந்த அனுபவம் ஸ்டால்மனை உலுக்கியது. 1983 செப்டம்பரில், கட்டற்ற ஓஎஸ் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அவர் அறிவித்தார்.

நாற்பது வருஷங்களுக்கும் மேலாகிவிட்டது. அந்தக் கூடத்தில் நின்ற வல்லுநருக்கு நேர்ந்ததுதான் இன்று விருத்தாசலத்து மாணவிக்கும் நேர்கிறது. கருவி நம்முடையது, அதை இயக்கும் அறிவு நம்முடையதில்லை.

தொழில் ரகசியம், அதை எப்படி வெளியிடுவது என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. இன்டெல்லும் ஏஎம்டியும் தங்கள் கிராபிக்ஸ் டிரைவர்களைத் திறந்த மூலநிரலாகக் கர்னலுக்குள்ளேயே வளர்க்கின்றன. அவற்றின் வியாபாரம் அதனால் படுத்துவிடவில்லை. ஆளில்லை, செலவாகும் என்ற வாதமும் நிற்காது. கர்னல் உருவாக்குநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2007இலேயே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சிப்பின் விவரத்தை மட்டும் கொடுங்கள், டிரைவரை நாங்கள் இலவசமாக எழுதிப் பராமரிக்கிறோம், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதிலும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார். லினக்ஸ் பயன்படுத்துவோர் குறைவு, அவர்களுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கடைசி வாதம் மட்டும்தான் மிச்சம். ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றும் லினக்ஸ் கர்னலில்தான் ஓடுகிறது. 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகமான 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் லினக்ஸ் அல்லாத ஒன்றுகூட இல்லை. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் டிரைவர் வருகிறது. மேசைக்கணினி வைத்திருக்கும் சாதாரண ஆள் கேட்டால் வருவதில்லை. ஆகவே, அவருக்காகக் கேட்கும் பெரிய வாடிக்கையாளராக அரசு மாற வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

முதல் கோரிக்கை, பெட்டியின் மேல் சிப்பின் பெயர். மருந்து அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு, உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயரும் கட்டாயம் அச்சாக வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. கணினிக் கருவிகளுக்கும் அதே நியாயத்தைக் கேட்கிறேன். பொதி செய்து விற்கும் பொருளின் மேல் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, உருவான நாடு எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. லேப்டாப்புக்கும் அடாப்டருக்கும் பிஐஎஸ் பதிவு எண் கட்டாயம். வைஃபை, புளூடூத் கருவிகளை விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். இத்தனை விவரங்களை அச்சிடவும் பதிவு செய்யவும் முடிகிற நிறுவனத்தால், சிப்பின் பெயரையும் அடையாள எண்ணையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட முடியாதா? சிப்பை மாற்றினால் மாடல் பெயரையும் மாற்ற வேண்டும் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை, டெண்டரில் ஒரு நிபந்தனை. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் என் கடைக்கு வந்த அந்த லேப்டாப்கள் பலவற்றில் பாஸ் பகுதியே அழிக்கப்பட்டிருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை, தடுமாறினால் கேட்கவும் ஆளில்லை. 2025 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு அறிவித்தது. இவ்வளவு எண்ணிக்கையில் வாங்குபவரின் பேச்சை எந்த நிறுவனமும் தட்டிக்கழிக்காது. லேப்டாப்பில் இருக்கும் வைஃபை, ஒலி, கேமரா, கிராபிக்ஸ் அனைத்துக்கும் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்க வேண்டும் என்ற ஒரே வரியை டெண்டரில் சேர்த்தால் போதும். மாணவர் விண்டோஸையே பயன்படுத்தட்டும், தவறில்லை. அதன் ஆதரவு முடிகிற நாளில் அந்த லேப்டாப் குப்பையாகாமல் இருக்கும்.

மத்திய அரசின் திறந்த மூலநிரல் கொள்கை 2015இலிருந்து இருக்கிறது. அரசு மென்பொருள் வாங்கும்போது திறந்த மூலநிரலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அது. அதே நோக்கத்தை வன்பொருள் கொள்முதலுக்கும் நீட்ட வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தை 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கியது. உதிரிப் பாகம் கிடைப்பது மட்டும் பழுதுபார்க்கும் உரிமை ஆகாது. டிரைவர் கிடைக்காத கருவிக்குப் புதிய பாகம் போட்டு என்ன பயன்?

பக்கத்து மாநிலத்தில் இது நடந்திருக்கிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்று கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஓஎஸ்ஸை அதுவே தயாரித்துக் கொடுக்கிறது. பிள்ளைகள் லினக்ஸிலேயே பாடம் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்குக் கருவி விற்க வருபவரால், இது லினக்ஸில் ஓடுமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்தக் கேள்வியை நம் பள்ளிகளும் கேட்கத் தொடங்க வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு

அரசு மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் போடுவதற்கு முன், பென்டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, மைக், கேமரா, திரையின் வெளிச்சம், மூடித் திறந்தால் மீண்டும் எழுகிறதா என எல்லாவற்றையும் அங்கேயே சோதியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்புக்கூட மாறாது. இரண்டு மூன்று வருஷம் பழைய லேப்டாப்பில் இது பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். சந்தைக்கு வந்து சில வாரமே ஆன லேப்டாப்பில்தான் சிரமம் அதிகம், ஏனென்றால் அதன் சிப்புகளுக்கான டிரைவர் புதிய கர்னலில் இருக்கும், உங்கள் பதிப்போ பழைய கர்னலோடு வந்திருக்கும்.

ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லையென்றால், முதலில் அதன் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள். யூஎஸ்பி கருவிக்கு "எல்எஸ்யூஎஸ்பி", உள்ளே இருக்கும் கார்டுக்கு "எல்எஸ்பிசிஐ -என்என்கே". இரண்டாவது கட்டளை, அந்தக் கார்டை எந்த டிரைவர் இயக்குகிறது என்பதையும் காட்டும். டிரைவர் பெயரே வரவில்லையென்றால் டிரைவர் இல்லை. பெயர் வந்தும் வேலை செய்யவில்லையென்றால் "டிமெஸ்ஜி" கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்று கர்னலே அங்கே எழுதிவைத்திருக்கும். வைஃபை என்றால் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" அடித்து, ஏரோபிளேன் மோடிலோ லேப்டாப்பின் ஓரத்து சுவிட்சிலோ அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸும் கூடவே இருந்தால், அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது விண்டோஸை முழுதாக மூடவிடுவதில்லை, அதனால் லினக்ஸில் டிஸ்க்கும் சில நேரம் வைஃபையும் முரண்டு பிடிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை நோட்டில் எழுதிவையுங்கள். அர்த்தம் தெரியாத கட்டளையை, அதுவும் "சூடோ" என்று தொடங்குவதை, யார் சொன்னாலும் அடிக்காதீர்கள். புதிய கர்னல் ஒத்துவரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். பூட் ஆகும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலும் இருக்கும், அதைத் தேர்ந்து எழுந்துகொள்ளலாம். வைஃபை டாங்கிள் புதிதாக வாங்குவதாக இருந்தால், மீடியாடெக்கின் எம்டி7612யூ போல, டிரைவர் 2018 முதலே கர்னலுக்குள் இருக்கும் சிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தனியாகப் போராடவும் தேவையில்லை. கணியம் தளம் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களில், கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது கருவியின் எண், கர்னலின் பதிப்பு, திரையில் வந்த செய்தி மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "வைஃபை வரல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "லினக்ஸா, அதெல்லாம் ஒத்துவராது தம்பி" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கற்றுக்கொள்வதற்கு ஒரு வாரம் போதும். ஆதரவு முடிந்த இத்தனை லேப்டாப்களும் நம்மிடம்தான் வரப்போகின்றன. அவற்றைப் பிழைக்கவைப்பது நம் தொழில்.

அடுத்த முறை டாங்கிளோ பிரிண்டரோ வெப்கேமராவோ வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன சிப்? லினக்ஸில் ஓடுமா? பதில் தெரியாது என்றால் வேறு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பத்து பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அரசு தன் அடுத்த லேப்டாப் டெண்டரில் இதே கேள்வியைக் கேட்டால், மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும்.